வேகம் வேண்டுமா? வலுவைச் சேருங்கள்

தமிழ்நாடு காவலர் தேர்வின் உடற்திறன் போட்டியில் ஆண்கள் 100 மீட்டரை 15 விநாடிக்குள் ஓடினால் ஒரு ஸ்டார், 13.5 விநாடிக்குள் ஓடினால் இரண்டு ஸ்டார். அந்த ஒன்றரை விநாடியைக் குறைக்கத்தான் ஊருக்கு ஊர் இளைஞர்கள் விடியற்காலையில் கிரவுண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பள்ளி, கல்லூரி ஓட்டக்காரர்களின் நிலையும் இதுதான். மாவட்டப் போட்டியில் நாலாவதாக வந்த பையனிடம், “ஸ்பீடு பத்தலடா, நாளைல இருந்து இன்னும் நாலு ரவுண்டு சேர்த்து ஓடு” என்பார்கள். அவனும் ஓடுவான். ஒரு மாதத்தில் தம் கூடியிருக்கும். 100 மீட்டர் நேரம் மட்டும் அசையாது.

ரவுண்டு ஓடினால் தம் கூடும், வேகம் கூடாது. குறுந்தூர ஓட்டத்தில் வேகத்தைக் கூட்ட இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, முழு வேகத்தில் ஓடிப் பழகுவது. இன்னொன்று, தரையை உதைக்கும் வலுவைக் கூட்டுவது. முதல் வேலை ஓரளவு எல்லா இடத்திலும் நடக்கிறது. இரண்டாவதுதான் பெரும்பாலான பள்ளி மைதானங்களில் விடுபட்டுப்போகிறது. 13 முதல் 19 வயது வரையுள்ள ஓட்டக்காரர்களுக்கும் அவர்களை உருவாக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றிய கையேடு இது.

வேகம் எங்கே உருவாகிறது?

வேகமாக ஓடுபவர் காலை வேகமாக வீசுகிறார் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வெயண்டும் அவருடைய குழுவினரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. காற்றில் இருக்கும் காலை முன்னால் கொண்டுவர ஆகும் நேரம், வேகமாக ஓடுபவருக்கும் மெதுவாக ஓடுபவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் பாதம் தரையைத் தொடும்போது வருகிறது. வேகமானவர் தன் எடைக்கு அதிகமான விசையைத் தரையில் இறக்குகிறார். அதையும் குறைந்த நேரத்தில் இறக்குகிறார். உச்ச வேகத்தில் ஓடும் தேர்ந்த வீரரின் பாதம் ஒவ்வொரு எட்டிலும் தரையில் இருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் உடல் எடையைப்போல் நான்கைந்து மடங்கு விசையை ஒற்றைக் கால் தாங்கித் திருப்பியடிக்க வேண்டும்.

2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். முதல் 20 மீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்டது 2.89 விநாடி. 60-லிருந்து 80 மீட்டர் வரையிலான 20 மீட்டருக்கு 1.61 விநாடிதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டு உடல் அசைய ஆன 0.146 விநாடியைக் கழித்தாலும், இரண்டுக்கும் இடையே ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம். ஆக, 100 மீட்டர் என்பது இரண்டு ஓட்டம்: வேகம் பிடிக்கும் ஓட்டம், பிடித்த வேகத்தில் பறக்கும் ஓட்டம். இரண்டுக்கும் வேண்டிய வலு ஒன்றல்ல.

வேகம் பிடிக்கும்போது பாதம் தரையில் சற்று அதிக நேரம் தங்குகிறது. முதல் சில எட்டுகளில் 0.2 விநாடி வரைகூட ஆகும். நின்றுபோன பைக்கைத் தள்ளும்போது யாரும் நிமிர்ந்து நிற்பதில்லை. உடலை முன்னால் சாய்த்து, தரையைப் பின்னால் உதைத்துத் தள்ளுகிறோம். முதல் பத்து மீட்டரும் அப்படித்தான். இதற்குத் தொடை, புட்டம், இடுப்பு ஆகியவற்றின் முரட்டு வலு வேண்டும். எடைப் பயிற்சி அதிகம் பலன் தருவது இந்தக் கட்டத்தில்தான்.

நிமிர்ந்து ஓடத் தொடங்கிய பிறகு நேரம் சுருங்கிவிடுகிறது. அப்போது கணுக்கால் மடங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும்; பின்தொடைத் தசை கிழியாமல் இழுபட்டுச் சுருங்க வேண்டும். இதற்குக் குதிப்புப் பயிற்சியும் பின்தொடைப் பயிற்சியும் முழுவேக ஓட்டமும் வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஓட்டக்காரருக்கு வேண்டியது எடைக்கேற்ற வலு. ‘பாடி’ ஏற்றும் ஜிம் அட்டவணையை அப்படியே பின்பற்றி ஐந்து கிலோ கூட்டிக்கொண்டால், அந்த ஐந்து கிலோவையும் சேர்த்துத்தான் கோட்டைத் தாண்ட வேண்டும்.

“வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடுமா?”

அனேகமாக எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. விடை: நிற்காது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் உட்படப் பல மருத்துவ, விளையாட்டு அமைப்புகள், சரியான மேற்பார்வையில் செய்யும் வலுப் பயிற்சி வளரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்றே சொல்கின்றன. ஓடும்போதும் குதிக்கும்போதும் எடையைப்போல் பல மடங்கு விசையை வாங்கும் கால், முறையாகத் தூக்கும் 20 கிலோ பாருக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆபத்து வருவது மூன்று வழிகளில்: சொல்லித்தர ஆளில்லாமல் தூக்குவது, முறை பழகும் முன் எடையை ஏற்றுவது, கூட்டாளியோடு பந்தயம் கட்டித் தூக்குவது.

வயதைவிடப் பயிற்சி அனுபவமே முக்கியம். 18 வயதில் தொடங்குகிறவரும் முதல் படியில்தான் கால்வைக்க வேண்டும்.

முதல் படி: உடல் எடை மட்டும். 12, 13 வயதில் தொடங்கலாம். குதிகால் தரையைவிட்டு எழாமல் 20 முறை உட்கார்ந்து எழுவது, ஒவ்வொரு காலிலும் 10 லஞ்ச் (ஒரு காலை முன்னால் எட்டி வைத்து முட்டி மடக்கி இறங்குவது), இடுப்பு தொய்யாமல் 10 தண்டால், 45 விநாடி பிளாங்க் (முழங்கைகளில் ஊன்றி உடலை நேராகத் தாங்குவது), ஒற்றைக்காலில் குதித்து இறங்கி ஆடாமல் நிற்பது. இவை ஐந்தும் சுத்தமாக வரும்வரை அடுத்த படி வேண்டாம்.

இரண்டாம் படி: இலகுவான எடை. டம்பெல் இருந்தால் டம்பெல். இல்லாவிட்டால் மணல் நிரப்பிய பை. ஒரு செட்டுக்கு 8 முதல் 10 முறை, இரண்டு மூன்று செட். செட் முடியும்போது இன்னும் மூன்று முறை செய்யத் தெம்பு மிச்சமிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: பார்பெல். ஏறத்தாழ 16 வயதும், ஓராண்டுப் பயிற்சியும், பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் வேண்டும். 3 முதல் 5 முறை, மூன்று நான்கு செட். முறை கெடாமல் இருந்தால் மட்டும் 2.5 கிலோ கூட்டுங்கள்.

பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் கிடுகிடுவென வளர்வார்கள். அந்தச் சமயத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. நேற்று நன்றாக ஓடியவன் இன்று தடுமாறுவான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பிலோ குதிகாலிலோ வலி வரலாம். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். குதிப்பைப் பாதியாகக் குறைத்து, வலியில்லாத பயிற்சிகளைத் தொடரவிடுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்து பயிற்சிகள் போதும்

யூடியூபில் ஆயிரம் பயிற்சிகள் உண்டு. ஓட்டக்காரருக்கு ஐந்தைச் சரியாகச் செய்தால் போதும்.

ஒன்று, ஸ்குவாட். பாதம் தோளகலம், முட்டி கால்விரல் திசையில், நெஞ்சு நிமிர்ந்து. தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்குங்கள். இறங்குவது நிதானமாக, எழுவது விசையாக. எடை கனமாகி பார் மெதுவாக எழுந்தாலும் வேகமாக எழ வேண்டும் என்ற முனைப்பு குறையக் கூடாது.

இரண்டு, இடுப்பு மடிப்பு. ஜிம்மில் ரொமேனியன் டெட்லிஃப்ட் என்பார்கள். நம் பிள்ளைகள் அதிகம் தவறு செய்வது இதில்தான். முதுகை வளைத்து எடையை எடுப்பார்கள். இதைப் பழக்க ஒரு சிலம்பக் கம்பு போதும். கம்பை முதுகோடு நெடுக்காகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். கம்பு பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களைத் தொட வேண்டும். இனி முட்டியைச் சற்றே தளர்த்தி, பின்னாலுள்ள சுவரைப் புட்டத்தால் தொடப் போவதுபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். மூன்றில் ஓரிடத்தில் கம்பு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்தி நிமிரச் சொல்லுங்கள். பின்தொடையில் இழுப்பு தெரிந்தால் சரியாகச் செய்கிறார். இரண்டு வாரம் கம்போடு பழகட்டும். பிறகு கையில் எடை கொடுக்கலாம்.

மூன்று, ஒற்றைக்கால் பயிற்சி. ஓட்டம் முழுவதும் ஒற்றைக் காலில்தான் நடக்கிறது. கேலரிப் படியோ உறுதியான பெஞ்சோ போதும். உயரம் முழங்காலைத் தாண்ட வேண்டாம். ஒரு பாதத்தை முழுமையாக மேலே வைத்து, கீழேயுள்ள காலால் தள்ளாமல் மேலே உள்ள காலாலேயே ஏறுங்கள். பின்காலைப் பெஞ்சில் வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட்டும் இதே வகை. எந்தக் கால் பலவீனம் என்று முதல் நாளே தெரிந்துவிடும். அந்தக் காலில் தொடங்குங்கள்.

நான்கு, நோர்டிக் பயிற்சி. குறுந்தூர ஓட்டக்காரரை அதிகம் வீட்டில் உட்காரவைப்பது பின்தொடைத் தசைக் கிழிசல். அதற்கு இது நல்ல காப்பு. நோர்டிக் பயிற்சி செய்யும் அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஆய்வு காட்டியது. செலவும் இல்லை: ஒரு பாய், ஒரு கூட்டாளி. பாயில் முழங்காலிட்டு நில்லுங்கள். கூட்டாளி உங்கள் கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். முட்டியிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு மெல்ல முன்னால் சாயுங்கள். இடுப்பு மடியக் கூடாது. முடிந்தவரை தாக்குப்பிடித்து, இனி முடியாது என்னும்போது இரண்டு கைகளாலும் தரையில் ஊன்றி விழுங்கள். கையால் தள்ளி எழுந்துகொள்ளுங்கள். முதல் வாரம் மூன்று முறை, இரண்டு செட். பத்து வாரத்தில் எட்டு முறை, மூன்று செட்டுக்குக் கொண்டுவாருங்கள். முதல் சில நாள் பின்தொடை கடுமையாக வலிக்கும். போட்டிக்கு முந்தைய வாரத்தில் இதைப் புதிதாகத் தொடங்கவே கூடாது.

ஐந்து, கெண்டைக்காலும் நடு உடலும். படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றுவது, ஒவ்வொரு காலிலும் 12 முறை. கூடவே பிளாங்க், பக்கவாட்டு பிளாங்க், இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தையோ வாளியையோ தூக்கிக்கொண்டு நிமிர்ந்து 30 மீட்டர் நடப்பது. தண்டாலும் புல்-அப்பும் சேர்த்துக்கொண்டால் கைவீச்சுக்கு வலு சேரும்.

குதிப்பு: எண்ணிக்கையை அடக்குங்கள்

கணுக்கால் விறைப்பு குதிப்பில்தான் வரும். கயிறாட்டத்தில் தொடங்குங்கள். அடுத்து முட்டி அதிகம் மடங்காமல் இரண்டு காலாலும் துள்ளுவது. பிறகு நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது. கடைசியாகக் கால் மாற்றித் தாவித் தாவிப் போவது. பாதம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையையும் எண்ணுங்கள். தொடக்கத்தில் ஒரு நாளுக்கு 40 முதல் 60. சில மாதம் கழித்து 80 முதல் 100. அதற்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. சிமெண்டுத் தரை வேண்டாம். புல்லோ மண்ணோ நல்லது. ‘தொப் தொப்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கினால் கால் களைத்துவிட்டது. மீதி எண்ணிக்கையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டயர், மேடு, மணல்

ஜிம்மில் சேர்த்த வலு ஓட்டத்துக்கு மாற வேண்டும். அதற்கு எளிய கருவி பழைய டயர். இடுப்பில் பெல்ட், நாலைந்து மீட்டர் கயிறு, பின்னால் ஒரு டயர். எவ்வளவு பாரம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: டயரில்லாமல் 20 மீட்டருக்கு 3.5 விநாடி ஆகிறதென்றால், டயரோடு 3.9 முதல் 4.2 விநாடிக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் பாரம் கூடுதல். 15 முதல் 20 மீட்டர், ஆறு முறை.

டயர் கிடைக்காவிட்டால் லேசான மேடு பாருங்கள். 20, 30 மீட்டர் ஏறி ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள். சாய்ந்து ஓடும் நிலையை மேடு தானாகவே சொல்லித்தரும்.

கடற்கரை மணலில் ஓடினால் வேகம் வரும் என்பது பாதி உண்மை. மணல் காலை உள்வாங்கிக்கொள்வதால் பாதம் அதிக நேரம் தரையில் தங்குகிறது. தள்ளும் வலுவுக்கு அது உதவும். உச்ச வேகத்துக்கு உதவாது. போட்டிகள் இல்லாத மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

ஓராண்டு பயிற்சி முடித்த 16 வயதுக்காரருக்கு ஒரு மாதிரி அட்டவணை:

திங்கள்: புறப்பாடு. 10 மீட்டர் நான்கு முறை, 20 மீட்டர் நான்கு முறை, 30 மீட்டர் இரண்டு முறை. பிறகு ஸ்குவாட், நோர்டிக், தண்டால்.

செவ்வாய்: இலகுவான டிரில், உடல் வளைப்பு, நடு உடல் பயிற்சி.

புதன்: உச்ச வேகம். 20 மீட்டரில் வேகம் கூட்டி, அடுத்த 20 மீட்டரை முழு வேகத்தில் ஓடுவது, நான்கைந்து முறை. பிறகு குதிப்பு.

வியாழன்: ஓய்வு.

வெள்ளி: டயர் அல்லது மேடு. பிறகு இடுப்பு மடிப்பு, ஒற்றைக்கால் ஏற்றம், கெண்டைக்கால், புல்-அப்.

சனி: 120 மீட்டர் மூன்று முறை, முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, ஓடும் முறை கெடாமல்.

ஞாயிறு: ஓய்வு.

வரிசை மாறக் கூடாது: உடலைச் சூடேற்றுவது, ஓட்டம், குதிப்பு, கடைசியில் எடை. எடை தூக்கிக் களைத்த காலோடு முழு வேகம் ஓடினால் வேகமும் வராது; தசையும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே, ஓடிய 10 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் ஓய்வு கொடுங்கள். 40 மீட்டர் ஓடினால் நான்கு நிமிடம். ‘சும்மா நிக்கிறாங்களே’ என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள், பொருட்படுத்த வேண்டாம். மூச்சு வாங்கிக்கொண்டே ஓடுவது தம் பயிற்சியாகிவிடும்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி அளவை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். போட்டி வாரத்தில் ஒரே ஒருநாள், பாதி அளவு எடைப் பயிற்சி. அதுவும் போட்டிக்கு மூன்று நாளுக்கு முன்.

அளந்து பாருங்கள்

நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்றை அளவெடுங்கள்: 10 மீட்டர் நேரம், 30 மீட்டர் நேரம், நின்ற இடத்திலிருந்து தாண்டும் நீளம். பெரும்பாலான புதிய போன்களில் இருக்கும் ஸ்லோ மோஷன் வீடியோ ஸ்டாப்வாட்சைவிட நம்பகமானது. ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். அந்த எண்கள் அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும்.

ஸ்குவாட் எடை கூடுகிறது, தாண்டும் நீளம் கூடவில்லை என்றால், எடையை மெதுவாகத் தூக்குகிறீர்கள். விசையும் குதிப்பும் போதவில்லை. தாண்டும் நீளம் கூடுகிறது, 10 மீட்டர் நேரம் குறையவில்லை என்றால், புறப்படும் முறையில் கோளாறு. முதல் எட்டிலேயே நிமிர்கிறீர்களா என்று வீடியோவில் பாருங்கள். 10 மீட்டர் நேரம் குறைகிறது, 30 மீட்டரில் அந்த லாபம் மறைகிறது என்றால் உச்சவேக ஓட்டத்தைக் கூட்டுங்கள். எதுவுமே நகரவில்லை என்றால் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விசாரியுங்கள்.

ஸ்டாப்வாட்ச் நேரத்தை நம்பி ஏமாறாதீர்கள். 100 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். கிரவுண்டில் 11.4 ஓடியவர் மாநிலப் போட்டியில் 11.64 என்று பார்த்தால் மனமுடைய வேண்டியதில்லை.

சாப்பாடு, தூக்கம், டப்பா

60 கிலோ எடையுள்ள இளம் வீரருக்கு ஒரு நாளைக்கு 85 முதல் 95 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். கால் லிட்டர் பாலில் 8 கிராம். 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம். கொண்டைக்கடலைச் சுண்டல், பயறு, பருப்பு, மீன், கோழி என்று மூன்று வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருந்தால் கணக்கு சரியாகிவிடும். காலையில் டீயும் பிஸ்கட்டும் தின்று பயிற்சிக்கு வந்து, பள்ளிக்கும் வெறும் வயிற்றோடு போகும் பிள்ளைக்கு எந்த அட்டவணையும் பலன் தராது. பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபின் பாருங்கள். மாதவிடாய் சில மாதங்கள் தள்ளிப்போனால், பயிற்சிக்கேற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள்.

13 முதல் 18 வயதுக்காரருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி 12 வரை போன் பார்த்துவிட்டு ஐந்தரைக்குக் கிரவுண்டுக்கு வருவதில் பெருமை இல்லை.

டப்பாவில் விற்கும் பவுடர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சில பவுடர்களில், அட்டையில் எழுதாத தடைசெய்யப்பட்ட பொருள்களும் கலந்திருக்கும். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், “மாஸ்டர் கொடுத்தார், ஜிம்மில் கொடுத்தார்” என்பதெல்லாம் தப்பிக்க வழியாகாது. உடம்பில் என்ன இருந்தாலும் வீரரே பொறுப்பு. தடை நான்காண்டு வரை போகலாம். ஒரு குறுந்தூர ஓட்டக்காரரின் நல்ல காலத்தில் அது பாதி. ஊசி, மாத்திரை என்று யாராவது பேச்செடுத்தால் அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள்.

வேகத்தால் வேலை

ஓட்டம் சோறு போடுமா என்ற கேள்விக்கு ராஜேஷ் ரமேஷ் ஒரு பதில். தமிழ்நாட்டுக்காரரான இவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர். 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தை 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்த இந்திய அணியில் ஒருவர். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளுக்கு 18 முதல் 25 வயது வரை விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் சாதனை வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவல்துறை, ராணுவம், வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவையும் வீரர்களை எடுக்கின்றன. விதிகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும்; ஒவ்வொரு முறையும் முழுதாகப் படியுங்கள்.

சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு 4 என்று தனித்தனிப் படிவங்கள் உண்டு. போட்டி முடிந்த மாதமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாலு வருடம் கழித்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது ஓட்டத்தைவிடக் கடினம்.

பதக்கம் கிடைக்காவிட்டாலும் இந்தத் துறையில் வழி இருக்கிறது. பி.பி.எட். முடித்தால் உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இதற்கான படிப்புகள் உள்ளன. பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம் தரும் பயிற்சியாளர் டிப்ளமோவுக்கு நல்ல மதிப்பு உண்டு. கிரிக்கெட், கால்பந்து, கபடி அணிகள் இன்று வலுப் பயிற்சிக்கென்றே தனி ஆளை வைத்துக்கொள்கின்றன. தன் உடம்பில் செய்து, நோட்டில் எழுதி, பலனைப் பார்த்தவருக்கு அந்த வேலை எளிதில் கைவரும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

மேலே சொன்னவற்றில் பார்பெல் தவிர மற்றவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஒரு கம்பு, ஒரு பாய், ஒரு பழைய டயர், கொஞ்சம் கயிறு, இரண்டு மணல் பை. நேரமும் அதிகம் கேட்காது: வாரம் இரண்டு நாள், ஓட்டம் முடிந்ததும் அரை மணி நேரம். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்யவையுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் 30 மீட்டர் நேரத்தை அளவெடுங்கள். வலுப் பயிற்சி புதிதாகச் செய்யும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த நேரம் குறையும். இந்த வாரமே தொடங்குங்கள். முதல் நாள் அளவை நோட்டில் எழுதிவைக்க மறக்காதீர்கள்.